ஒரு மாத்திரை நேரம்

ஆகஸ்ட் கடைசி வாரம்.
ஹங்கேரியில், திஸா ஆற்றின் இரு கரையிலும்
பூவென்று சொன்னால் பூக்களே கோபிக்கும் ஒரு களை
மகரந்தம் தட்டிக்கொண்டு நிற்கிறது.
அறுக்காத நிலத்துக்காரருக்கு அபராதம் உண்டு.
காற்றுக்கு இல்லை.

எமோகே தும்முகிறாள்.
கம்பிவடம் பிடித்து நகரும் அவள் படகுமேடை
இரண்டு காரும் ஒரு டிராக்டரும் தாங்கும்.
அக்கரைக்கு நான்கு நிமிடம்.
நான்கு நிமிடத்தில் பதினொரு தும்மல்
என்று எண்ணிச் சொன்னவன்
ரொட்டி வண்டிக்காரன் தெழோ.
ஒவ்வொன்றுக்கும் "ஆரோக்கியம்" என்று வாழ்த்திப் பார்த்து
ஐந்தாவதோடு விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை
அக்காள் கணவர் போல்திஷார்
இழுப்பறையைக் குடைந்து ஓர் அட்டை எடுத்துத் தந்தார்.
மஞ்சள் மாத்திரை. பாதி கிழிந்த பெயர்.
"பழசுதான். ஆனால் கைகண்டது.
ஒன்று போதாவிட்டால் இரண்டு."
கசக்குமே என்று
கூடவே ஒரு குட்டிக் கோப்பை பிளம் சாராயம்.

கைகண்டதுதான்.
அரைமணியில் மூக்கு அடங்கியது.
கண்ணரிப்பு போன இடம் தெரியவில்லை.
நாக்கு மட்டும் பஞ்சாய் வறண்டது.
ஆறு மெதுவாக ஓடுவதாகப் பட்டது.
நல்ல ஆறு, என்று நினைத்தாள்.
நடு ஆற்றில் இமை இறங்கியது.

தமிழில் மாத்திரைக்கு
இன்னொரு பொருளும் உண்டு:
கண் ஒருமுறை இமைக்கும் நேரம்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
எமோகே இதை அறியமாட்டாள்.
அவள் இமைப்பு அன்று
அளபெடையாக நீண்டுகொண்டே போனது.

இடித்தது கரை.
வண்டிக் கதவு திறந்து
மூன்று தட்டு பன்ரொட்டி ஆற்றில்.
மீன்களுக்குத் திருவிழா.
யாருக்கும் காயமில்லை.
தெழோ திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.
"நீ ஒருமுறைகூடத் தும்மவில்லை,
அப்போதே நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்"
என்று மட்டும் சொன்னான்.

மருந்துக்கடை யோலான்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அட்டையைத் திருப்பினாள்.
காலாவதித் தேதி, அவள் மகன் பள்ளி சேர்ந்த ஆண்டு.
மூக்கைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தால்
"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றாள்.
பதிலைக் கேட்டதும் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இது மூக்கோடு நிற்பதில்லை, மூளைக்கும் போகும்.
இரவில் போட்டால் காலையிலும் மிச்சமிருக்கும்.
விழித்திருப்பதாக நீங்கள் நம்புவீர்கள்,
அதுதான் மோசம்.
சாராயமா? கடவுளே.
சளிக்கென்று வாங்கும் பொடியிலும்
இதுவே வேறு பெயரில் ஒளிந்திருக்கலாம்,
பின்பக்கம் படியுங்கள்.

வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து வைத்தாள்.
இதில் மயக்கம் குறைவு.
குறைவுதான், சிலருக்கு இதிலும் கண் சொருகும்.
முதல் மாத்திரையை விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள்.
ஒன்றென்றால் ஒன்று.
தும்மல் அடங்காவிட்டால் என்னிடம் வாருங்கள்,
இரண்டாவது மாத்திரையிடம் போகாதீர்கள்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்:
உதடு வீங்கினால், தொண்டை இறுகினால்,
மூச்சு விசிலடித்தால்
பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.
ஆம்புலன்ஸ். அந்த நிமிடமே.

வாசல்வரை போனவளை மறுபடி அழைத்தாள்.
"இதைத் தந்தவருக்கு வயதென்ன?
சிறுநீர் சரியாகப் போகிறதா?"
எமோகே விழித்தாள்.
"அவரையும் வரச் சொல்லுங்கள்."

ஞாயிறன்று கரையில் உட்கார்ந்து
சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை விழுங்கி
தூக்கம் வருகிறதா என்று
தூண்டில்காரனைப்போல் காத்திருந்தாள்.
வரவில்லை.

வியாழக்கிழமை தெழோ வந்தான்,
வண்டிக் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு.
பாதி ஆறு தாண்டியும் சத்தமில்லை.
அவன் மெல்லக் கதவுப்பிடியைப் பற்றினான்.
அப்போது எமோகே தும்மினாள்.
இன்னொன்று.

"ஆரோக்கியம்!" என்று கத்தினான் தெழோ,
"ஆரோக்கியம்!"
அவளோ மூக்கைத் துடைத்தபடி
கரையைப் பார்த்து
வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.