அறுபத்தோராவது இலை

வைரக்கண்ணு டீக்கடையில் கேட்டால் அது ஆண்.
புகையிலை போடுகிறவன் இருமல், ராத்திரி ரெண்டு மணிக்கு,
சமையல்கட்டுப் பக்கமிருந்து.
நெல் லாரி ஓட்டும் சூசைமாணிக்கம் ஒப்பவில்லை:
பொம்பளைதாங்க. மெட்டிச் சத்தம்.
எஞ்சினை அணைச்சுட்டுக் கேட்டேன்.
இருபது வருஷமாய் இதனால்
இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை,
டீ மட்டும் உண்டு.

நான் அளக்க வந்தவள்.
ஒரத்தநாடு தாண்டிக் கல்யாண ஓடைக்கு இந்தப்பக்கம்
துளசாபாய் சத்திரம்.
நாலுவழிச் சாலைக்கு அதன் முகப்பும்
முற்றத்தில் பாதியும் வேண்டும்.
சிவப்புப் பெயிண்டில் எண் போட்டோம், 47.
டேப்பின் மறுமுனையோடு எங்கும் ஓடுகிற நாடிமுத்து
சமையல்கட்டுக்குள் மட்டும் வரமாட்டேன் என்றான்.
வவ்வால் நாற்றமாம்.
சரி, வவ்வால்.

பாத்தியதை யாருக்கு என்று தேடித்தான்
தஞ்சாவூர்ப் பதிவறைக்குப் போனேன்.
சத்திரத்துக் கணக்கு, பூச்சி தின்றது போகப் பதினாலு கட்டு.
அரிசி, பருப்பு, புளி, இலை.
வழிப்போக்கர் மூன்று நாள் தங்கலாம்,
நோய் கண்டால் தீரும்வரை.
எழுதியது கணக்கு குப்பாவய்யன்.
முத்துமுத்தான கையெழுத்து.
பொய் எழுத அப்படித்தான் வேண்டும்.

கொட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அறுபது.
கணக்கில் இலை அறுபத்தொன்று.
தினமும் கடைசி வரியில் ஒரே ஆள்:
மாதோராம், ஊர் கயா, போகுமிடம் ராமேசுவரம்,
காய்ச்சல்.
மறுநாளும் காய்ச்சல்.
ஆடி வெள்ளம் வந்து வடிந்தும்
கலெக்டர் துரைகள் மூன்று பேர் மாறியும்
காய்ச்சல்.
பதினோரு வருஷம்!
பதிவறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்,
கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.
அரைப்படி அரிசியும் கால் பலம் நெய்யும்
ஒருநாள் தவறாமல் ஐயன் வீட்டு அடுப்புக்கு
நடந்து போயிருக்கின்றன
இல்லாத ஒருவன் கால்களில்.

பிறகு தாது வருஷம்.
மேற்கேயிருந்து ஜனம் வந்தது,
காவேரி பாயும் ஊரில் கஞ்சியாவது இருக்கும் என்று.
அறுபதோடு கதவைச் சாத்து என்று தாக்கீது,
அதுவும் அதே கட்டில்தான் இருக்கிறது.
ஐப்பசி எட்டாம் தேதி
முத்துக் கையெழுத்து கொஞ்சம் சாய்கிறது:
மாதோராம் மரணம்.
விறகு ஒரு வண்டி. மண்பானை ஒன்று.
வெட்டியான் கூலி ஆறணா.
கோடிப் புடவை ஒன்று.
மஞ்சள், காலணா.

ஆண்பிள்ளைக்கு எதற்குப் புடவை?
தணிக்கைக்காரர் கேட்கவில்லை, ஒப்பம் வைத்திருக்கிறார்.
நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை வெகுநேரம்.
சாத்திய கதவுக்கு வெளியே யாரோ ஒருத்தி.
அவளை எழுதக் கட்டம் இல்லை.
எழுதக் கட்டமிருந்த ஒரே பிணம்
பிறக்காதவனுடையது.
அதைக் கொடுத்திருக்கிறார்.

ஒன்பதாம் தேதி இலை அறுபது.
அதற்குமேல் ஐயன் திருடவில்லை,
அல்லது நான் கண்டுபிடிக்காதபடி திருடினார்.

இருமலும் மெட்டியும் ஒரே ஆள் என்று
வைரக்கண்ணுவிடம் சொல்லவில்லை.
சூசைமாணிக்கத்திடமும் சொல்லவில்லை.
சமாதானமாகிவிட்டால்
அவர்களுக்குப் பிறகு வேறென்ன இருக்கிறது?

நேற்று அளவுப் புத்தகத்தைச் சரிபார்த்தேன்.
முகப்பு, கொட்டில், கிணற்றடி,
சமையல்கட்டு: நீளம் ஐந்து மீட்டர் அறுபது.
என் எழுத்துதான், என் பேனாதான்.
டேப் தொய்யாமல் நின்றதும் நினைவிருக்கிறது.
நாடிமுத்து வெளியே வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.
மறுமுனையைப் பிடித்தவர் பெயர் எழுத
இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.