பதினொரு மீற்றர்

என் வேலை டயர்த் தடங்களை அளப்பது.
காப்புறுதிக் கம்பனி தந்த நாடா,
ஒரு சோக்குக் கட்டி, கைபேசிக் கமரா.
நிலாவெளி வீதியில், கன்னியாச் சந்தியில்,
கந்தளாய்க்கு இப்பால் யானை கடக்கும் வளைவில்
குந்தியிருந்து குறித்துக்கொள்வேன்:
கண் எங்கே கண்டிருக்க வேண்டும்,
கால் எங்கே பிரேக்கைக் கண்டுபிடித்தது.
இடையில் கிடக்கும் வெறும் தார்தான்
மனுசர்.

பீனிக்சிலிருந்து மச்சாள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள்.
ஸ்டியரிங் தன்பாட்டில் திரும்புகிறது.
சாரதி ஆசனத்தில் யாருமில்லை.
"நித்திரை தூங்காது, குடிக்காது,
மனிசியோட சண்டை பிடிச்சுப்போட்டு ஏறாது,
உன்ர வேலை போகப்போகுது" என்று சிரிக்கிறாள்.

இங்கே கொண்டு வா பார்ப்பம், என்று எழுதினேன்.
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலுக்குக் காத்து நிற்கும்
புள்ளிமானை அது என்னவென்று வாசிக்கும்?
இரவில் தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கும்
கறுத்த மாட்டை?
எதிரே வரும் லொறி இரண்டு தரம் லைட் வெட்டினால்
முன்னுக்குப் பொலிஸ் என்பதா,
நீ நில் நான் வாறன் என்பதா?
கிண்ணியாப் பாலத்தில் தூண்டில் போடும் பொடியன்கள்
பின்னால் பாராமல் தடியை வீசுவார்கள்.
எங்களுக்குத் தெரியும்.
விலத்துவோம்.

அனுப்பிவிட்டு
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கிழமைதான் பத்மரூபனின் கோப்பு வந்தது.
கொழும்பு வான். மூன்றாம் இரவும் அவனேதான் ஓட்டம்.
விடிய நாலரை, தம்பலகாமம் சந்தி தாண்டி.
பேக்கரி வேலை முடிந்து சைக்கிளில் திரும்பிய
கிருஷாந்தனுக்கு வயது பத்தொன்பது.

தடம் இல்லை.
நாடாவை விரித்தேன், சுருட்டினேன்.
திரும்பவும் விரித்தேன்.
படிவத்தில் பூச்சியம் எழுதத்
தாராளமாய் இடம் இருந்தது.

எட்டுச்செலவுக்கு மறுநாள் கையெழுத்து வாங்கப் போனேன்.
படலையடியில் பத்மரூபன்.
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.
உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.
நாய் குரைத்துக் குரைத்துக் களைத்துப்போய்
அவன் காலடியிலேயே படுத்துவிட்டிருந்தது.

என்ன துணிவில் சொன்னேனோ:
"பாருங்கோ அக்கா,
மனுசன் எண்டபடியால் வந்து நிக்கிறான்.
மெசின் வருமே?"

யோகமலர் என்னைப் பார்க்கவில்லை.
"அந்த முகத்தை வைச்சு நான் என்ன செய்ய?
மெசின் எண்டால்
வாசலுக்கு வந்திருக்காதுதான்.
ஏன் வரவேணும்?
அது தன்ர பாட்டில் விலத்திப் போயிருக்கும்.
பொடியன் பாண் மணத்தோட வந்து
இப்ப உதில படுத்திருப்பான்."

பிறகு பேனையை வாங்கி
மூன்று இடத்திலும் ஒப்பமிட்டா.
எழுத்து ஒன்றும் நடுங்கவில்லை.
"அவனைப் போகச் சொல்லுங்கோ,
வெயிலுக்கை நிக்கிறான்" என்றா.

ஸ்கூட்டியில் திரும்பி வருகிறேன், மைமல் பொழுது.
கடற்கரைப் பக்கம் பட்டம் விடும் சத்தம்.
மனதுக்குள் மச்சாளுக்குத் திருத்திய பதில் ஓடுகிறது:
உன்னுடைய கணக்கில் எங்கள் மாடு இல்லை,
சரி,
என்னுடைய கணக்கில் அந்தப் பொடியன் இருந்தானா,
பழக்கம் என்று நான் சொன்னதற்கு
மூன்று இரவு நித்திரை முழிக்கத் தெரியுமா,
எங்களுக்குத் தெரியும் என்றேனே,
அந்த எங்களில் பத்மரூபனும்...

மான்.

பிரேக்.

கோட்டை வீதி நடுவில்
வாயில் பொலித்தீன் பையோடு ஒரு பெட்டை மான்,
என் முன்சில்லுக்கு ஒரு சாண் தூரத்தில்.
அவசரப்படாமல் மென்றது.
காதை ஒருதரம் உதறிவிட்டுக் கடந்தது.

இறங்கினேன். கை நடுங்க
நாடாவை எடுத்தேன். பழக்கம்.
லைற்றுக் கம்பத்தடியிலேயே
மான் வெளிச்சத்துக்குள் வந்துவிட்டது.
அந்த இடத்திலிருந்து
தடம் தொடங்கும் இடம்வரை
பதினொரு மீற்றர்.
சுத்தமான, கறுத்த, வெறும் தார்.

எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.
பின்னால் வந்த ஆட்டோக்காரன்
ஹோர்ன் அடித்து, ஏசி,
என்னைச் சுற்றி விலத்திக்கொண்டு போனான்,
ஒரு கையில் போனோடு.