கருக்கல்

காலின் ஹாகர்ட்டுக்குத் தொண்ணூற்றொரு வயது.
சிப்பிப் படகுகளில் முப்பது வருஷம் சமையல்காரர்.
மூக்கு போய்விட்டது, நாக்கில் பாதி போய்விட்டது.
மிச்சப் பாதிக்கு
ரொட்டி கருப்பாக வேண்டும்.
பழுப்பு போதாது. கருப்பு.
அதையும் அவரே சுட வேண்டும்.

நியூசிலாந்தின் தென்கோடி, பிளஃப் துறைமுகம்.
எங்கள் இல்லத்தில் இருபத்திரண்டு அறைகள்,
அறைக்கொரு புகை உணரி,
பொது அடுக்களையில் ஒரே ஒரு டோஸ்டர்.

செப்டம்பரில் மூன்று முறை
விடியுமுன் மணி அலறியது.
மூன்று முறையும் தீயணைப்பு வண்டி வந்தது.
தொண்டர் படைதான்: ஓட்டுகிறவன் தபால்காரன்,
ஏணி பிடிக்கிற டாம்சின்
வியாழக்கிழமைகளில் இங்கேயே முடி வெட்டுகிறவள்.
ஹெல்மெட்டைக் கழற்றிக் கரித்துண்டைப் பார்த்தாள்.
"வெண்ணெயாவது தடவியிருக்கலாமே, காலின்."
"நீ விட்டால்தானே தடவுவேன்."

மூன்றாவது முறை ரசீதும் வந்தது.

கூட்டம் போட்டோம்.
கிளெனிஸ் நல்ல நிர்வாகி, கெட்ட எண்ணம் கிடையாது.
டோஸ்டரை எடுத்துவிடலாம் என்றார்.
நாமே சுட்டுக் கொடுக்கலாம்,
ஓரம் நீக்கி, முக்கோணமாக வெட்டி.
காலின் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நடுக்கம் இருக்கிறது. இல்லையென்று அவரும் சொல்லவில்லை.
நான் குறிப்பேட்டில் 'அபாயம்' என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன்.
அந்தக் கோட்டை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அப்போது வெர்னா டெய்ட் வாய் திறந்தாள்.
ஈஸ்டருக்குப் பிறகு அறையை விட்டு வராதவள்.
பிங்கோ, நாற்காலிப் பயிற்சி, பூந்தொட்டி வகுப்பு என்று
எத்தனை தாள் அச்சடித்து
அவள் கதவுக்கடியில் தள்ளியிருப்போம்.
"மறுபடி எப்போது தீப்பிடிக்கும்?"

யாருக்கும் புரியவில்லை.

"கார் நிறுத்துகிற இடத்தில் நின்றோமே,
கருக்கலில், போர்வையோடு.
கடலுக்கு மேலே வெளுத்ததே.
வந்த நாளாய் என் ஜன்னல் மேற்கு."

கண் மங்கிய மெரியானா பிராக்,
எஞ்சின் சத்தத்தை வைத்தே படகின் பெயர் சொல்கிறவள்,
அவளும் சேர்ந்துகொண்டாள்:
"இரட்டைக் கண்ணாடி போட்டு ஊரை அடைத்துவிட்டீர்கள்.
அன்றைக்கு இரண்டு படகு கேட்டேன்.
ஒன்றுக்கு வால்வு சரியில்லை.
யாராவது போய்ச் சொல்லுங்கள் அவனிடம்."

கிளெனிஸ் பேனாவை மூடினார். திறந்தார்.
பத்து மீட்டர் மின்கம்பி என்ன விலை என்று
என்னைக் கேட்டார்.

இப்போது டோஸ்டர்
கிழக்கு வாசல் கூரைக்கு அடியில்.
மேசைக்கு காலினின் இடுப்பு உயரம்.
அழுத்துகிற பிடியில் வலைத்தக்கை ஒன்று,
நடுங்கும் விரல் வழுக்காதிருக்க.
பக்கத்தில் மணல் வாளி; அது கிளெனிஸின் நிபந்தனை.
உலர்த்தியிலிருந்து சூடாக எடுத்த போர்வைகள்,
ஆறு நாற்காலி. சில நாள் ஒன்பது.

மழையென்றால் கிடையாது.
தென்காற்று அடித்தால்
ரொட்டி ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை,
அன்றைக்கெல்லாம் காலினோடு பேச முடியாது.
வெர்னா எல்லா நாளும் வருவதில்லை.
வராத நாளில் கதவைத் தட்டக்கூடாது என்று
கேட்டுக்கொண்டிருக்கிறாள். தட்டுவதில்லை.

பராமரிப்புத் திட்டத்தில் ஒரு கட்டம் உண்டு: இலக்கு.
'பாதுகாப்பாக இருத்தல்' என்று
இருபத்திரண்டு பேருக்கும் எழுதிப் பழகிய கை.
காலினுக்கு அதை அடித்துவிட்டு எழுதினேன்:
'ரொட்டி கருகும். தெரிந்தே.'
தணிக்கைக்கு வந்தவர் இரண்டு தரம் படித்தார்,
பிறகு தனக்கும் ஒரு துண்டு கேட்டார்.

இன்று காலை வெர்னா வந்திருந்தாள்.
காலின் தட்டை நீட்டினார். நடுக்கத்தில்
துண்டு தட்டில் தாளம் போட்டது.
"சுரண்டித் தரட்டுமா?"
"வேண்டாம், அப்படியே கொடு."
அவள் கடித்த சத்தம்
தார்ச்சாலை வரை கேட்டிருக்கும்.

மெரியானா கையை உயர்த்தினாள்:
"கொஞ்சம் மெல்லாமல் இரு.
படகு ஒன்று வருகிறது."