மெய்யெழுத்துச் சோதனை

கைகுலுக்கிய சூடு ஆறுமுன்
ஆயிரத்து இருநூறு என்றார் சும்ப்ருன்,
ஓர் அங்குலத்துக்கு அத்தனை புள்ளி.
ரெட்டோ மெல்ல விசிலடித்தான்.
நான் குனிந்து மேசையைப் பார்த்தேன்.
இரண்டரை மீட்டர். எட்டு இலை போட்டுப் பந்தி வைக்கலாம்.
பரப்பெங்கும் பொடித்துளை; அடியிலிருந்து காற்றை இழுத்து
போட்ட தகட்டைப் போட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் பட்டறைக் கதவு ஒன்று எண்பது.
அதை அவரிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

பீல் நகரத்தில் தெருவுக்கு இரண்டு பெயர்,
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
பலகைத் தொழிலுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது
என்று சொல்லித்தான் ரெட்டோ என்னைக் கூட்டாளி ஆக்கினான்.
பெயர் இரண்டானாலும்
காசு சதுர மீட்டருக்குத்தான் என்பதைப் பிறகு சொன்னான்.

மணிக்கு அறுபது சதுர மீட்டர் அடிக்குமாம் இது.
எங்களுக்கு மாதம் முழுக்க அடித்தாலும் அறுபது தேறாது.
தவணை ஆயிரத்து நானூற்று எண்பது பிராங், அறுபது மாதம்.
மை தனி.
யானையைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு
அங்குசத்தின் விலையை மெதுவாகச் சொல்வது போல.
வெள்ளை மை உறங்கினால் அடியில் தங்கிவிடும்,
ஞாயிறும் யாராவது வந்து கிளற வேண்டும்.
யாராவது என்றால் நான்.

மற்றவர்கள் சோதனைக்குக் கிளிப் படம் கொண்டுவருவார்களாம்,
பழக்கூடை, ஒரு பெண்ணின் கன்னம்.
நான் கொண்டுபோனது தபாற்பெட்டிப் பட்டை:
ஏழு சென்டிமீட்டர் அகலம், இரண்டு உயரம்.
மேலே தபால்காரருக்கு, அவர் எழுத்தில்.
கீழே, வந்துபோகிற சொந்தங்களுக்குப் பொடி எழுத்தில்
நவரத்தினசிங்கம் – ஹோஃப்ஷ்டெட்லர்.
மெய்களின் தலையில் ஆறு, ஆய்தத்துக்கு மூன்று.
ஆக ஒன்பது புள்ளி.

சும்ப்ருன் திரையை உற்றுப் பார்த்தார்.
"கோப்பில் தூசி விழுந்திருக்கிறது, துடைத்துவிடவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
போன மார்ச்சில்
எங்கள் பழைய இயந்திரம் ஒரேயொரு புள்ளியை விழுங்கியது.
சனிக்கிழமைப் பள்ளி வாசலில்
தமிழ்க் கல்விக்கூடம்
தமிழ்க் கலவிக்கூடமாய்
ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டுவரை தொங்கியது.
"அக்கா, கோவிக்காதேங்கோ" என்று போனில் தொடங்கிய பொருளாளர்
வசனத்தை முடிக்கவேயில்லை.
அந்தத் தகட்டின் மறுபக்கத்தில் இப்போது
நாய்களுக்கு அனுமதி இல்லை, இரு மொழியிலும்.

வேகமானது அடித்து நீட்டியது.
முப்பாற்புள்ளி ஒருபாலாய் அப்பிக் கிடந்தது.
தரத்தைக் கூட்டுங்கள் என்றேன். கூட்டினார்.
ஒன்பதும் வந்தது,
வேகம் போனது,
விலை மட்டும் அப்படியே நின்றது.

மூலையில் இன்னொன்று. அதே நீளம், பாதி விலை, மாட்டு நடை.
அடுக்கடுக்காய் மை வைத்து நீல ஒளியில் இறுக்கி
ஒரு தகடு முடிய
ஒரு கோப்பியும் ஒரு சண்டையும் முடிந்துவிடும்.
பட்டை வந்ததும் நான் பார்க்கவில்லை.
கண்ணை மூடி விரலால் தடவினேன்.
ஙகரத்தின் தலையில்
எள்ளில் கால்வாசி, தட்டுப்பட்டது.

ரெட்டோவும் தடவினான். அவன் கணக்கு வேறு:
லிஃப்ட் பொத்தான், மருத்துவமனைக் கதவு,
பார்வையற்றோர் விரலால் வாசிக்கும் எழுத்து.
அதுவும் புள்ளிதான்.
காசுள்ள புள்ளி.

ஒப்பந்தத்தில் அவன் பெயருக்குக் கீழே
தவமலர் என்று எழுதினேன்.
கையெழுத்தில் கடைசி ரகரத்துக்கு
இருபது வருடமாய் நான் புள்ளி வைப்பதில்லை.
அன்றும் வைக்கவில்லை.

பேனாவை மூடிக்கொண்டே சும்ப்ருன் கேட்டார்:
"உங்கள் வாசல் எவ்வளவு அகலம்?"
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஜன்னல் பெரிது" என்றான் ரெட்டோ.