நாலும் கொஞ்சமும்

அக்டோபரில் சுமையோடு மேடேறும்போது
வண்டிக்கடியில் யாரோ கல் மென்றார்கள்.
பிறகு ஒரு வெடிப்பு.
எஞ்சின் ஓடியது, வண்டி நின்றது.
மூடியைக் கழற்றினேன்.
தட்டில் விழுந்தவை ஏழு பற்கள்.

இப்போது ஏப்ரல்.
எழுபத்தெட்டாம் வருடத்து டிரக்
கொட்டகையில் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது.
மே பிறந்தால் தொண்ணூறு தேன்பெட்டிகளை ஏற்ற வேண்டும்.
தேனீக்களிடம் தவணை கேட்க முடியாது.

மூஸ் ஜாவுக்குத் தெற்கே க்ளோவிஸ் டெஜார்லேயின் யார்டு.
அழுக்குப் பனியில் முதுகு மட்டும் தெரிய
வரிசையாகப் பின்னச்சுகள்.

முதலாவதற்குக் கறுப்புப் பெயிண்ட்,
என் கையுறையில் ஒட்டுமளவு புதுசு.
யாருக்காக இந்த அலங்காரம்?
நகத்தால் சுரண்டினேன்.
குழாயின் அடியில் வெல்டிங் தழும்பு.
நூல் பிடித்தால் ஒரு விரல் கோணல்.

இரண்டாவதில் மரையைத் திறந்தேன்.
எண்ணெய்க்கு முன்னால் நாற்றம் வந்தது,
அடிப்பிடித்த பாத்திரம்போல.
மரையின் காந்தத்தில் சாம்பல் களிம்பு.
அது பரவாயில்லை, ஓடினால் தேயத்தான் செய்யும்.
களிம்புக்குள் விரலில் நெருடியது ஒரு சில்லு.
துடைத்து நீட்டினேன்.
"வேறு வண்டியுடையதாக இருக்கும்" என்றான் க்ளோவிஸ்.
உள்ளே எப்படிப் போயிற்று, நடந்தா?

மூன்றாவது இன்னும் வண்டியிலேயே இருந்தது.
முன்பாதி எரிந்த டிரக்.
கதவில் யாருடைய பெயரோ கருகி
மிச்சம் "மற்றும் மகன்கள்".
தீ பின்சக்கரம்வரை வரவில்லை.

ஜாக் கொடுத்துத் தூக்கினோம்.
இடச்சக்கரத்தை அவன் இறுகப் பிடித்துக்கொள்ள
வலச்சக்கரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு,
நீளத்தண்டில் இன்னொன்று.
சக்கரத்துக்கு இரண்டு சுற்று.
தண்டு எத்தனை?
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
அப்புறம் கொஞ்சம்.

"நாலரை" என்றான்.
"நாலும் கொஞ்சமும்."
"அந்தக் கொஞ்சம்தான் அரை."

என் முன்னச்சு நாலும் பத்தில் ஒன்றும்.
பின்னது நாலரை என்றால்
சேற்றில் நான்கு சக்கரமும் பிடிக்கும்போது
முன்னும் பின்னும் மாமியார் மருமகளாகி
இன்னொரு வாய்ப் பல் தட்டில் விழும்.

திரும்ப எண்ணினோம்.
அவன் பிரெஞ்சில், நான் அம்மா வீட்டு உக்ரைன் மொழியில்.
இரண்டு பேருக்கும் எண் தப்பியது.
மூன்றாம் முறை அவன் வாயே திறக்கவில்லை.
இரண்டு கோடுகளுக்கும் நடுவே
கட்டைவிரலை வைத்துக் காட்டினான்.
சரியாக அந்த அகலம்.

தண்டை முன்னும் பின்னும் அசைத்தேன்.
சின்னதாக ஒரு டக், அவ்வளவுதான்.
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆடவில்லை.
ஸ்பிரிங் இருக்கைகளுக்கு நடுவே நாடா பிடித்தேன்,
என் வண்டியின் அளவேதான்.
பினியன் சீலைச் சுற்றித் தூசியும் எண்ணெயும்
தோல்போல் படிந்திருந்தன.
"கசிவு" என்றேன், விலைக்காக.
"கசிகிறதென்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது."
அன்று அவன் சொன்ன முதல் உண்மை.

மூடியைத் திறக்கச் சொன்னதற்கு மட்டும் முணுமுணுத்தான்.
எண்ணெய், பழைய பக்வீட் தேனின் நிறம்.
பற்களின் நடுவில் தேய்ந்த தடம்,
ஓரங்கள் முழுசு.

ஸ்பிரிங்கில் அப்பிய மண்ணில்
கனோலாச் செடி ஒன்று முளைத்துக் காய்ந்திருந்தது.
வண்டிக்கடியில், போன கோடையில்.
இரண்டு காய்கள்.
காய் பிடித்திருக்கிறதென்றால்
ஏதோ ஒன்று இங்கேயும் வந்து போயிருக்கிறது.

அறுநூறு டாலர் என்றான்.
நானூறு என்றேன்.
ஐநூற்றைம்பது.
நானூற்றைம்பதும் இரண்டு ஜாடித் தேனும்.
"எனக்குச் சர்க்கரை" என்றான்.
"நானூற்று எண்பது."

யு-போல்ட்டுகளை வெட்டி இறக்கி
டிரெய்லரில் சங்கிலி போடுவதற்குள் இருட்டிவிட்டது.
வழியில் மழை.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்,
சாக்பீஸ் கோடு இருக்கிறதா என்று.
தெரியவில்லை.
வீட்டில் இறக்கியதும்
இன்னொரு தரம் எண்ணிப் பார்க்க வேண்டும்.