நாற்பத்தொன்று

அதிகாலை நாலு மணிக்கு அந்த ஹாரன் கேட்கும்.
எங்கள் வண்டியின் ஹாரன்.
ஜலதோஷம் பிடித்த கழுதை மாதிரி ஒரு கரகரப்பு.
பிஸந்தி அதைச் சரிசெய்யாமலே செத்துப்போனார்.
அவர் தம்பி வகீம்
சரிசெய்யாமலே ஓட்டுகிறான்.

வண்டி யாருடையது என்று கேட்டபோது
காகிதத்தில் வகீமின் பெயர்தான் இருந்தது.
எப்படி வந்தது என்று
காகிதம் சொல்லவில்லை.

கெய்ரோ மென்று துப்பியதெல்லாம்
மொகத்தம் மலையடியில் எங்கள் வாசலுக்கு வரும்.
கீழ்த்தளம் குப்பைக்கு. மேல்தளம் எங்களுக்கு.
நானும் மகள் தெமியானாவும் குந்தி உட்கார்ந்து பிரிப்போம்:
தண்ணீர் பாட்டில் ஒரு குவியல்,
அதன் மூடி வேறு ரகம், வேறு விலை,
தகரம், அட்டை, ஒற்றைச் செருப்பு,
யாரோ பாதி தின்ற ரொட்டி ஆடுகளுக்கு.

கண்ணாடிச் சில்லுக்கு நான் பயந்ததில்லை.
அது மின்னித் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும்.
பஞ்சைத்தான் மெல்லத் தொட வேண்டும்.
ஆஸ்பத்திரி ஊசிகள்
பஞ்சுக்குள்தான் படுத்திருக்கும்.

கைக்குத் தெரிந்த இதை மனசுக்குச் சொல்ல
ஏழு வருடம் ஆயிற்று.

'வகீமின் பிரேக் பிடிக்காமல் போகட்டும்'
என்ற நினைப்பு கண்ணாடி.
வந்ததும் தெரியும்,
குருவானவரிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.
'பிஸந்தி இருந்திருந்தால் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருப்பாள்'
என்பது அப்படியல்ல. அது மெத்தென்று இருக்கும்.
தலை வைத்துப் படுக்கலாம் போலிருக்கும்.
'கர்த்தாவே, வகீமுக்கு நல்ல புத்தி தாரும்.'
இது ஜெபம் என்றே நினைத்திருந்தேன்.
ஒரு ராத்திரி பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே ஊசி.

முப்பத்தொன்பது சவுக்கடி, ஒரு முள்முடி, ஒரு ஈட்டி.
கூட்டினால் நாற்பத்தொன்று. எங்கள் சபையின் கணக்கு இது.
அத்தனை தடவை 'ஆண்டவரே இரங்கும்'.
மற்றவர்கள் விரலில் எண்ணுவார்கள்.
என் விரல்கள் குப்பையில் இருப்பதால்
நாக்கால் பல்லைத் தொட்டு எண்ணுகிறேன்.
மிச்சமிருப்பது இருபத்தாறு பல்.
அதற்கப்புறம் மறுபடி முன்பல்லுக்கு வர வேண்டும்.

ஹாரன் கேட்டதும் தொடங்குவேன்.
வண்டி மேடேறி வாசலுக்கு வருவதற்குள் முடிக்க வேண்டும்.
நானே எனக்குப் போட்ட சட்டம்:
இடையில் வகீம் வந்துவிட்டால், திரும்ப ஒன்றிலிருந்து.
ஏமாற்றக் கூடாது.
ஏமாற்றியிருக்கிறேன்.
முதல் வருடம் முழுக்க
ஏழாம் பல்லைத் தாண்டியதாக ஞாபகமில்லை.

போன தவக்காலம், நாற்பதாவது நாளோ என்னவோ.
எண்ணெயில்லாத அவரையும் உப்பும் தின்று
நாக்கு மரத்துப்போயிருந்தது.
மூட்டை இறக்க வந்த வகீம்
உறையில்லாமல் கையை விட்டான்.
'அய்யோ' என்றுகூடச் சொல்லவில்லை.
என் படியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
உள்ளங்கையில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு.
மணிக்கட்டில் அந்தச் சின்ன நீலச் சிலுவை;
ஒரே திருவிழாவில்
அண்ணனும் தம்பியும் குத்திக்கொண்டது.

அப்போது ஒன்று வந்தது எனக்குள்,
வெள்ளையாக, மெத்தென்று, வேதவாக்கு மாதிரி:
பார், மேலே இருக்கிறவர் கணக்குத் தீர்க்கிறார்.

தொட்டேன். மெல்ல.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
தெமியானா 'அம்மா' என்று அதட்டும் வரை.
பிறகு தண்ணீர் மொண்டு ஊற்றினேன், சோப்புப் போட்டேன்,
பிழியாதே, ஓடட்டும் என்றேன்.
உதவிக்கு வந்த பையன் வண்டியை எடுத்தான்.
எந்த மருத்துவமனை என்று தெரிந்த தெமியானா
முன்னால் ஏறிக்கொண்டாள்.

வண்டி இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது.
மூட்டைக்குக் கொடுக்கும் காசில்
இன்னும் குறைக்கிறான்.

அன்றைக்கு அந்தக் கரகரத்த ஹாரன்
சரிவில் இறங்கி இறங்கிச் சின்னதாகிக்கொண்டே போக,
ஈரக் கையோடு நின்று எண்ணினேன்.
திருப்பத்தில் சத்தம் மறைந்தபோது இருபத்தாறு.
பல் தீர்ந்துவிட்டது.
நாக்கு தானாகவே
முன்பல்லுக்கு வந்தது.