அலீதா யார்?

துறைமுகத்தைப் பார்த்தபடி
வல்பராய்சோவின் ஒரு குன்றில்
தூக்கு ரயில் ஏறி வந்து நிற்குமிடத்தில்
நான் முதலில் ஒட்டியது அக்ரிலிக் எழுத்து.
சலீதா. வெளியே செல்லும் வழி.
மெய்யும் உயிரும் தனித்தனியே நிற்கும்
எங்கள் எழுத்தில் அது ஆறு உரு.
பின்னால் பசை நாடா,
கீழே புள்ளிகளில் அதே சொல்.
பதினோராம் நாள் போன் வந்தது.
"எடெல்மீரா, அலீதா யார்?"

க்ளோரிந்தாவுக்கு வரி அலுவலகத்தில் வேலை.
முப்பத்தெட்டில் பார்வை போனவள்;
புள்ளிகள் அவளுக்கு இன்னும் கொட்டிய கடுகுதான்.
அச்செழுத்தின் மேடுகளை மட்டும்
விரல் மறக்கவில்லை.
"முதல் மெய்யை எவனோ நெம்பிவிட்டான்.
வழி தேடி வந்தால்
ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது.
நல்ல பெயர்தான்.
கதவு எந்தப் பக்கம்?"

இரண்டாவது பலகை பாலிகார்பனேட்.
லைட்டர் காட்டியவன் பொறுமைசாலி,
கடைசி எழுத்து வெல்லப்பாகாய் வழிந்து உறைந்திருந்தது.
அதன் குறுக்கே கறுப்பு மார்க்கரில் ஒரு வசவு,
துறைமுகக் கூலிகளே காது பொத்தும் ரகம்.
நான் தின்னரும் துணியுமாய்க் கூசி நிற்க
அவள் அதன்மேல் விரலை ஓட்டினாள்.
"வசவா, எங்கே?
என்னிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லையே."

ஆனால் பபிள்கம் சொல்லும்.
'அ'வுக்குப் புள்ளி ஒன்றே ஒன்று;
அதன் கீழ் மென்ற துணுக்கொன்று ஒட்டினால்
வேறெழுத்து.

அன்றிரவுதான் உறைத்தது.
ஒட்டியது பெயரும்.
பெயர்ந்ததால்தான் பெயரானது.
எழுத்தை வைக்கக் கூடாது;
எழுத்தல்லாததை எடுக்க வேண்டும்.
கடற்காற்று தின்னாத எவர்சில்வர் தகடு,
எட்டு மில்லிமீட்டர் கனம்.
சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் சீவித் தாழ்த்தினேன்.
வெள்ளம் வடிந்த தெருவில் வீடுகள் போல
சொல் மேட்டில் நின்றது.
கத்தி நுனிக்குப் பிடி கிடைக்காதபடி ஓரங்களைச் சரித்தேன்.
தினம் தடவும் தோலுக்காக முனைகளை மழுக்கினேன்.
இரண்டுக்கும் அதே அரம்.
திருகு, இறுக்கி முடித்ததும் தலை முறியும் சாதி.
முறிந்தபின் என்னாலும் கழற்ற முடியாது.

இதற்கிடையே ஒன்று சொல்ல வேண்டும்.
குன்றின் படிக்கட்டில் ஏறும்போது
ஒரு பச்சைக் கதவில் கண்டேன்
காணாமல் போன என் மெய்யை.
பக்கத்தில் சுண்ணக்கட்டியில் மீதிப் பெயர் சேர்த்து
சதுர்னீனா.
நான் பசையில் நிறுத்தியதை
அவர்கள் இரண்டு ஆணியில் நிறுத்தியிருந்தார்கள்.
அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.
தட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

சுவருக்குப் போகுமுன்
தகட்டைப் பட்டறை மேசையில் முடுக்கி
சந்துக்கோடி நாஹுவெலைக் கூப்பிட்டேன்.
பதினைந்து வயது, ஸ்கேட்போர்டு,
விரலிடுக்கில் மார்க்கர் கறை.
"ஒரு மணி நேரம். என்ன வேண்டுமானாலும் செய்.
கூலி நான்கு எம்பனாதா."
முதலில் நம்பவில்லை. பிறகு நன்றாகவே நம்பினான்.
சாவி. லைட்டர். கருங்கல்.
ஸ்கேட்போர்டின் இரும்பு அச்சால் அறைந்தபோது
தெரு நாய்களெல்லாம் குரைத்தன.
ஐம்பதாவது நிமிடம் தரையில் உட்கார்ந்தான்,
வேர்வை சொட்ட.
"இது நியாயமே இல்லை, சென்யோரா."
ஐந்தாவதாகவும் ஒன்று கொடுத்தேன்.

பொருத்திய அன்று க்ளோரிந்தா வந்தாள்.
ஆறு எழுத்தையும் ஒரே மூச்சில் படித்தாள்.
இடப்புறம் போனாள், கதவைத் திறந்தாள்,
காற்று வந்தது, மூடினாள்,
மறுபடி தகட்டுக்கே திரும்பினாள்.
விரல் சொல்லைக் கடந்து கீழே இறங்கி
ஒரு மூலையில் நின்றது.
"இங்கே ஒரு 'ந்' இருக்கிறது."
குனிந்து பார்த்தேன். தெரியவில்லை.
கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தேன்.
முடியளவு ஒரு கீறல்.
"கோணல் இல்லாத கை," என்றாள் அவள்.

நகராட்சிப் படிவத்தில்
'குறைபாடுகள்' என்றொரு கட்டம்.
இல்லை என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.